எழுத்தில்லாத பொத்தான்கள்

அண்ணிக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். சிறு வயது முதலே அவருக்கு வெளிச்சம் ஆகாது. வெள்ளைப் பரப்பைச் சற்று நேரம் பார்த்தால் கண் கூசி நீர் கோத்துக்கொள்ளும். வெயிலில் கடைக்குப் போனால் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொள்வார். கல்யாணப் பேச்சின்போதே இதை மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். கண் மருத்துவர் ஒவ்வொரு முறையும், "அப்படியேதான் இருக்கு, கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்று சொல்லியே அனுப்புவார். ஆனாலும் ஒரு மாலை அண்ணி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஸ்கிரீன்ல பட்டன் மேல இருக்கிற எழுத்து எனக்குத் தெரியல" என்று சொன்னபோது, மருத்துவர் சொன்னதைவிட அதை நம்புவது எங்களுக்கு எளிதாக இருந்தது.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவுக் கவுண்ட்டரில் அண்ணி வேலை பார்த்தார். தம் கணினியை அவர் தமக்கு ஏற்றபடி மாற்றிவைத்திருந்தார்: திரை முழுக்கக் கருப்பு, அதன்மேல் வெள்ளை எழுத்து. கணினியின் அமைப்புகளுக்குள் துழாவி, யாரையும் கேட்காமல் அவரே கண்டுபிடித்துக்கொண்ட ஏற்பாடு அது. "அக்கா தியேட்டர்ல மட்டும் எப்பவுமே நைட் ஷோதான்" என்று பக்கத்துக் கவுண்ட்டர்ப் பெண்கள் கேலி செய்வார்கள். "டிக்கெட் இல்லாம பாக்கறீங்க இல்ல, பேசாம பாருங்கடி" என்பார் அண்ணி. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாத் தாத்தாக்கள் அவருடைய வரிசையைத் தேடி வந்து நிற்பார்கள். "போன்ழூர் மிசே, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று பிரெஞ்சு வணக்கத்தோடு அவர் கேட்பதற்காகவே வருகிறார்களோ என்று தோன்றும். வீட்டில் அவர் எதைக் கீழே சிந்தினாலும் கண்ணைக் காரணம் சொன்னோம். கண்ணைப் பற்றிய பேச்சே எழாத இடம் அவருக்கு அந்த நாற்காலி ஒன்றுதான். அதை விட்டால் தமக்கு வேறு இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருடம் மருத்துவமனைக்குப் புதிய மென்பொருள் வந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று நோயாளியின் விவரத்தைச் சேமிக்கும், மற்றது அழித்துவிடும். அண்ணிக்கு இரண்டும் வெளிறிய இரண்டு சதுரங்களாக மட்டுமே தெரிந்தன. அவர் இடத்தை மனப்பாடம் செய்துகொண்டார்: இடது பக்கம் சேமிப்பது, வலது பக்கம் அழிப்பது. அப்படியே நாட்களை ஓட்டியும் விட்டார். ஆனால் மென்பொருளைச் செய்தவர்கள் ஒரே ஒரு பக்கத்தில் அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து புருஷனை அழைத்துவந்த ஒரு அம்மாள், காலையிலிருந்து மருத்துவர் அறை வாசலில் காத்திருந்தும் பெயர் கூப்பிடப்படவே இல்லை. விசாரித்தபோது அப்படி ஒரு பதிவே இல்லை, கவுண்ட்டரில் பொத்தானைப் பார்க்காமல் அழித்துவிட்டிருக்கிறார்கள் என்றார்கள். அந்த அம்மாள் நேரே கவுண்ட்டருக்கு வந்து, "கண்ணு தெரியாதவள எதுக்குடா இங்க ஒக்கார வச்சிருக்கீங்க? என் புருஷன் இங்கியே உழுந்து செத்தா எவன் வந்து பதில் சொல்லுவான்?" என்று கூட்டம் முழுவதும் கேட்கக் கத்தினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடத்தில் அண்ணியின் கண்ணைப் பற்றி முதன்முதலாகப் பேச்சு எழுந்தது அன்றுதான்.

வீட்டில் இதைக் கேட்டு யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அம்மா, "போதும்மா, நீ பாத்த வரைக்கும். இருக்கிற கண்ணையாவது காப்பாத்திக்க" என்றார். அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போது சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை. அந்த வார்த்தைகளில் கரிசனம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். காலைச் சமையலை இனி அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும் என்ற நிம்மதியும் கூடவே இருந்தது.

உழவர்கரையில் ஒரு சிறிய அலுவலகத்தில் நானும் கணினிக்கு மென்பொருள் எழுதுகிறவள்தான். அண்ணி வேலையை விடவில்லை. அம்மாவின் மாத்திரைகளை வாங்க அந்த மருத்துவமனைக்குப் போன ஒரு நாள், கூட்டம் குறைந்ததும் கவுண்ட்டருக்குள் சென்று அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பொத்தான்கள் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அவற்றில் எழுத்தே இல்லை.

"அண்ணி, எனக்கும் தெரியல."

"சும்மா சொல்லாத பாப்பா. எனக்காகச் சொல்லாத" என்றார்.

காரணம் மிக எளியது. ஒருவர் தம் கணினிக்குத் தமக்கேற்ற நிறங்களைத் தேர்ந்துகொண்டால், அதில் ஓடும் மென்பொருள் தன் பொத்தானின் நிறங்களை அந்தத் தேர்விடமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னணியையும் எழுத்தையும் சேர்த்து வாங்கலாம். அது முடியாவிட்டால் இரண்டையுமே தானே தீட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தீட்டி மற்றதை வாங்கினால் எங்காவது ஒருவருடைய திரையில் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்தார் தங்கள் சின்னத்தின் வெளிர் சந்தன நிறத்தைப் பொத்தானின் பின்னணிக்குப் பூசிவிட்டு, எழுத்தை அப்படியே விட்டிருந்தார்கள். மற்றவர்களின் கணினியில் எழுத்து கருப்பாக வந்து பளிச்சென்று நின்றது. அண்ணியின் கணினியில் அது வெள்ளையாக வந்து சந்தனத்தில் கரைந்துபோனது. அண்ணி கேட்டபோது உதவிக்கு வந்த பக்கத்துக் கவுண்ட்டர்ப் பெண்கள், "இந்தக் கருப்புல எங்களுக்கு ஒண்ணும் புரியாதுக்கா" என்று சொல்லி, பழக்கத்தில் அழுத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் திரையை அவர் இருக்கும் இடத்திலிருந்து அதுவரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

நான் எடுத்துச் சொன்னதன்பேரில் நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மரியாதையானவர். அண்ணியின் கணினியைத் திறந்து, அவர் வைத்திருந்த கருப்புத் தோற்றத்தை நீக்கி, எல்லோருக்கும் உள்ள வெள்ளைத் திரையை வைத்தார். "இப்ப எழுத்து தெரியுதா மேடம்?" என்று கேட்டார். தெரிகிறது என்று அண்ணி சொல்லத்தான் வேண்டியிருந்தது. இளைஞர் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரியிடம் திரும்பி, "சாஃப்ட்வேர்ல பிரச்சினை இல்ல சார். இவங்கதான் செட்டிங்க மாத்தி வச்சிருந்தாங்க" என்றார். அதன்பின் யாரும் அந்த அமைப்பைத் தொட முடியாதபடி பூட்டியும் வைத்தார்கள். பொத்தானுக்கு மனுஷியைப் பொருத்திவிட்டுப் போன அந்த வேலைக்கு, எல்லாம் சரியாகிவிட்டது என்று அதிகாரி கையெழுத்திட்டார். அந்தப் பொத்தானைத் திருத்த இரண்டு வரி போதும். அதை எழுதியே அனுப்பினேன். அடுத்த பதிப்பில் கவனிப்பதாகப் பதில் வந்தது.

வெள்ளைத் திரை முன்னால் அண்ணி மழைக்காலம்வரை தாக்குப்பிடித்தார். மதியத்துக்குள் இமைகள் வீங்கிவிடும்; கண்ணில் நீர் வடிய வடியப் பெயர்களைக் கேட்டுப் பதிந்தார். அழுவதாக நினைத்துக்கொண்டு ஒரு சொல்தாத் தாத்தா, "யாரு மதாம் உன்ன திட்டினது?" என்று சண்டைக்குத் தயாராகியிருக்கிறார். கடைசியில் அண்ணியைப் போர்வைகளும் தலையணை உறைகளும் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். வெள்ளைத் துணிகள். கொஞ்ச நாளில் அவரே நின்றுவிட்டார். கண் போய்விட்டதால் நின்றார் என்றே அம்மா உறவினர்களிடம் சொன்னார். நான் உண்மையை விளக்கியபோது அண்ணன், "என்னவோ ஒண்ணு, கண்ணுதானே காரணம்?" என்று முடித்துவிட்டார்.

அடுத்த பதிப்பு வந்தது. அதில் பயனருக்கேற்ற தோற்றம் என்று ஒரு வசதியைப் பெருமையாகச் சேர்த்திருந்தார்கள்: பச்சை, நீலம், ரோஜா நிறம். எதைத் தேர்ந்தாலும் பொத்தான்கள் அதற்கேற்ப அழகாக மாறின. எல்லாம் வெள்ளைத் திரையின்மேல்தான். கணினியில் ஒருவர் ஏற்கெனவே வைத்திருக்கும் தோற்றத்தைக் கேட்டறிய அவர்களுக்கு அப்போதும் தோன்றவில்லை. இன்று எங்கள் அலுவலகத்தில் சேரும் பிள்ளைகள் எல்லாரும் கருப்புத் திரையை அழகுக்காக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பொத்தான் அதற்கு இணங்காவிட்டால் அன்றைக்கே புகார் வருகிறது; அன்றைக்கே திருத்தியும் விடுகிறோம். ஊர் முழுக்க ஆசைப்பட்டுக் கேட்கும்போது நடந்துவிடுகிற காரியம், ஒருத்தி தன் கண்ணுக்காகக் கேட்டபோது நடக்கவில்லை.

அண்ணியின் பார்வை அன்றிருந்தபடியேதான் இருக்கிறது. மருத்துவர் இப்போதும் அதையே சொல்கிறார். வேறு வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான் பலமுறை கேட்டும், "வேணாம் பாப்பா, என் கண்ண என்னாலயே நம்ப முடியல" என்று சொல்லிவிட்டார். அவரிடமிருந்து உண்மையில் போனது அதுதான். சமீபத்தில் வில்லியனூர் சாலையில் இருவரும் ஒரே குடையில் நடந்து வந்துகொண்டிருந்தோம். புதிதாக வெள்ளையடித்த ஒரு மதில் எதிரே நின்று, "அதுல ஏதாவது எழுதியிருக்கா? இல்ல, எனக்குத்தான் தெரியலையா?" என்று கேட்டார். ஒன்றும் எழுதவில்லை என்றேன். சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு நடந்தார். அம்மா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன, அவருக்குப் பின்னாலேயே அண்ணனும் போய்விட்டார். எங்கள் மூலக்குளத்து வீட்டில் இப்போது, கேட்பதற்கு அவரும் பதில் சொல்வதற்கு நானுமாக இரண்டு பேர் இருக்கிறோம்.