கோழிக்குச் சொன்ன பேச்சு

எனக்குக் கலியாணம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை நடந்தது இது. நான் சம்மாந்துறைக்காரன், பெண் எடுத்தது கல்முனையில். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டார், அப்படிக் கதைப்பது மரியாதை இல்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லிவிடுவார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வார். என் உம்மாவும் தன் மருமகனிடம், அதாவது என் ராத்தாவின் மாப்பிள்ளையிடம், அப்படித்தான். ஆனாலும் எனக்கே அது நடந்தபோது, வாடகைக்குக் குடிவந்தவன் மாதிரி இருந்தது. எனக்குக் கோபம்தான்.

அன்று ஜும்ஆத் தொழுகைக்குப் போக, புது வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையும் உடுத்து விறாந்தைக்கு வந்தேன். மாமா இன்னும் உள்ளே ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். மனைவி குளிக்கப் போயிருந்தாள். கலியாணத்துக்காகக் கேற்றுக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்டை அங்கிருந்த பழைய மரக்கதிரைக்கு யாரோ பூசியிருந்தார்கள். பளபளவென்று இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்துச் சொன்னார்: "கோழி, அந்தக் கதிரையில ஏறாத. பெயின்ட் இன்னும் காயல்ல."

எனக்குத்தான் சொல்கிறார் என்று தெரியாமல் இல்லை. கோழிக்குச் சொன்னதை நான் ஏன் கேட்க வேண்டும் என்ற திமிர். விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மாமா வந்ததும் எழும்பியபோது 'சர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதையும் பெரிதாக எடுக்கவில்லை. படி இறங்கும்போது மாமியின் குரல் இன்னும் உயர்ந்தது: "கோழி, போறதுக்கு முந்தி பின்னால ஒருக்காப் பாத்துக்க."

நான் திரும்பியே பார்க்கவில்லை.

புது மருமகனை ஊருக்குக் காட்டும் பெருமையில், மாமா என்னைப் பள்ளியில் முதல் வரிசைக்கே கூட்டிப்போனார். அந்த ஊரில் நான் யார் என்று சனம் முடிவெடுக்கப்போகும் நாள் அது. பின்னால் எத்தனை வரிசை இருந்ததோ தெரியாது. ருகூவுக்குக் குனிந்தபோதெல்லாம் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். குனியாதபோது இருமல் இல்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்ததும் ஒருவர் என் தோளில் கைபோட்டார். "புதுமாப்பிள, பச்சக் கட்சில எலக்சன் கேக்கப் போறீங்களா? பின்னால பச்சக் கோடு மூணு கிடக்கு."

சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டு, "நடங்க மருமகன்" என்றார். அவமானத்தில் காது சுட்டது. என்னைவிட அவருக்குத்தான் தலைகுனிவு என்பது வழியில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தால், வாசலில் மாமி நின்றார். திரை இல்லை, மறைவு இல்லை. கண் கலங்கியிருந்தது.

"மகன், உங்களுக்குத்தான் சொன்ன நான். கோழிக்கு என்னத்துக்குப் பெயின்டப் பத்திச் சொல்லப் போறன்? வெக்கத்த உட்டுட்டு நேரக் கூப்பிட்டிரிக்கணும். என்னிலதான் பிழ."

"இல்ல மாமி, எனக்கு விளங்கினதான். விளங்கியும்தான் கதிரையில இருந்த" என்றேன்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு மாமாவும் சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த மனைவி, மாமி என்னோடு கதைப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

நேரே முகம் பார்த்துச் சொல்லாத சொல்லிலும் எனக்கான அக்கறை இருக்கும் என்று அன்று விளங்கியது, அதனால் இன்றைக்கும் வீட்டில் யாராவது யாருக்கோ சொல்வதுபோல எதையாவது சொன்னால், என்னவென்று கேட்டு முதலில் எழும்புவது நான்தான்.