ரேடியேட்டரில் மிளகு

மாரமங்கலத்தில் மேக்ஸ்வெல்லின் மினி லாரி வெறும் சரக்கு வண்டி இல்லை. காபிக்கொட்டை மூட்டை அதில்தான் போகும், கல்யாணப் பந்திக்கு வாழையிலை அதில்தான் வரும், பிரசவ வலி கண்டவளும் அதில்தான் ஏறுவாள். எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்ந்த கையோடு அந்தப் பழைய வண்டியை வாங்கிய நாளிலிருந்து மேக்ஸ்வெல்லுக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு. “என் வண்டி பாதி வழியில நின்னு யாராச்சும் பாத்திருக்கீங்களா?” என்று டீக்கடையில் நின்று கேட்பார். யாரும் பார்த்ததில்லை. அதனால் யாரும் பதில் சொன்னதும் இல்லை.

அப்படிப்பட்ட வண்டிதான் நின்றது. வருஷமெல்லாம் ஓடிவிட்டு, நிற்கக் கூடாத ஒரே நாளில் நின்றது.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுவேலின் மனைவி வெள்ளையம்மாளுக்குக் களை வெட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கியிருந்தது. மேக்ஸ்வெல் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தார். ஏற்காட்டுக்குப் போகிற ஏற்றத்தில், சில்வர் ஓக் மரங்கள் நெருக்கி நிற்கும் வளைவில், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி பீறிட்டது. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, நாலு அடி நகர்த்தி, மறுபடியும் ஆறவிட்டு... கடைசியில் எதிரே வந்த ஜீப் ஒன்றைத் திருப்பச் சொல்லித்தான் வெள்ளையம்மாளை ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமுங்க,” என்றாள். அவள் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாகக்கூட இருக்கலாம். மேக்ஸ்வெல்லின் காதுக்குள் அது ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

பொன்னுவேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “வண்டி என்னங்கண்ணா பண்ணும்? அவளுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்குது,” என்றார். ஊரும் அதையே சொல்லித் தலையாட்டியது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பொன்னுவேல் சோறு தின்றார். உண்மையைச் சொன்னால் மேக்ஸ்வெல்லும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.

கருமாதி நெருங்கியது. பந்தல் சாமானும் அரிசியும் சேலத்திலிருந்து ஏற்றிவர வேண்டும். “வேற வண்டி பாத்துக்கங்க பொன்னுவேலு,” என்று மேக்ஸ்வெல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பொன்னுவேல் கேட்கவில்லை. “அவ ஊர விட்டுக் கடைசியாக் கெளம்புன வண்டிங்க அது. அவ காரியத்துக்கும் அதுதான் வரணும்,” என்றார். அப்புறம் என்ன சொல்ல முடியும்? ரேடியேட்டரைக் கழுவிவிடுவோம் என்று மேக்ஸ்வெல் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார்.

இன்ஜின் ஜில்லென்று ஆறியிருந்தது. நாயைக் கொல்லைப்புறம் கட்டினார். இன்ஜினைக் குளிரவைக்க ஊற்றுகிற கூலன்ட் தித்திக்கும், நாய் நக்கினால் பிழைக்காது. மேல் மூடியைத் திறந்து, வண்டிக்கு அடியில் படுத்து, கீழ்த் திருகைத் தளர்த்தி அண்டாவை வைத்தார். பச்சையாகக் கொட்ட வேண்டியது கறுப்புக் கஞ்சியாக ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோயிற்று. கம்பி விட்டுக் குத்தினார். சேறு கட்டி கட்டியாக விழுந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது.

மிளகு வாசனை.

அந்த மலையில் டிரைவர்களுக்கு ஒரு வைத்தியம் உண்டு. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு சிட்டிகை மிளகுத்தூளைப் போடுவார்கள். மிளகு ஊறிப் பருத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மிளகுக்கா அங்கே பஞ்சம்? எப்படியோ சேலம் போய்ச் சேர்ந்துவிடலாம். சேர்ந்ததும் ஓட்டையைப் பற்றவைத்து, உள்ளே இருப்பதை அலசி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சேறாகி ரேடியேட்டரையே அடைத்துவிடும். முதல் பாதியை எல்லோரும் செய்வார்கள், இரண்டாவது பாதியை மறந்துவிடுவார்கள். மேக்ஸ்வெல்லும் மறந்தார். போன காபி அறுவடையில் பொன்னுவேலின் மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது ஒழுகல் கண்டது. வெள்ளையம்மாள்தான் உரலில் மிளகை இடித்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். “ஒரு சிட்டிகை போதுமுங்களாண்ணா?” என்று கேட்டாள். அவசரத்தில் மேக்ஸ்வெல் கிண்ணத்தையே கவிழ்த்தார். ஒழுகல் நின்றது. அவளும் சிரித்தாள், அவரும் சிரித்தார்.

“ஏனுங்கண்ணா, தண்ணி எடுத்தாரட்டுமா?”

பொன்னுவேல் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். மேக்ஸ்வெல் எழுந்த வேகத்தில் தலை பம்பரில் இடித்தது.

“நீங்க எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்? ஊட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்.”

“ஊட்டுல உக்காந்து என்னத்தப் பண்ணுறது? நீங்க சொல்லுங்க, நான் ஊத்தறேன்.”

அவர் ஊற்ற ஊற்றக் கீழே கறுப்பு வந்தது. மறுபடி நிரப்பி, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஆறவைத்துத் திறந்தார்கள். மறுபடியும் கறுப்பு.

“என்னங்கண்ணா இது இப்படி வருது?”

“துருதான். பழைய வண்டிங்களே,” என்றார் மேக்ஸ்வெல். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், கூசாமல் சொன்னார். பொன்னுவேலுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஆனால் பொன்னுவேல் பிறந்ததிலிருந்து மிளகுக் கொடியோடு கிடப்பவர். குனிந்து சேற்றில் ஒரு துளி எடுத்தார். விரலுக்கு நடுவில் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

“அவ இடிச்சதுங்களா?”

மேக்ஸ்வெல் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். “இதுனால மட்டும் இருக்காதுங்க பொன்னுவேலு. தண்ணிப் பம்பு போயிருக்கும். பம்பு போனா, எவ்வளவு கழுவுனாலும் இப்படித்தான் சூடேறும்,” என்றார்.

“அப்ப ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிருமில்லீங்களா?”

தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும்வரை பொன்னுவேல் குடம் குடமாகச் சுமந்தார். ஓட்டையைத் தேடிப் பிடித்து, கடையில் வாங்கிவைத்திருந்த பசையைப் பூசிக் காயவைத்தார்கள். மேக்ஸ்வெல் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினார். உள்ளே தங்கிய காற்று குமிழியிட்டு வெளியேறும்வரை மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினை ஓடவிட்டார். பிறகு மூடியை இறுக்கினார். பொன்னுவேல் அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். வெள்ளையம்மாள் சாய்ந்திருந்த இடம் அது.

வெள்ளையம்மாளை ஏற்றிப்போன அதே ஏற்காட்டுச் சாலையில் ஏற்றம் தொடங்கியது. வழக்கமாக முள்ளைப் பார்த்துப் பார்த்து வண்டியைக் கொஞ்சிக்கொண்டே ஓட்டுகிற மனிதர், அன்று தேவையில்லாத இடத்தில் கியரைக் குறைத்தார். ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தார். இன்ஜின் கதறியது. ஆண்டவரே, முள் ஏறட்டும் என்று மனசுக்குள் மன்றாடினார். பம்பு போயிருக்கட்டும், வண்டியே வெடித்துப்போகட்டும், இந்த முள் மட்டும் சிவப்புக்கு ஏறட்டும்.

பொன்னுவேலும் அந்த முள்ளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று யாருக்குத் தெரியும்?

சில்வர் ஓக் வளைவு வந்தது. வண்டி திணறவில்லை. வளைவு போனது, அதற்கு மேலிருந்த செங்குத்தும் போனது. முள் நடுவிலேயே நின்றது. ஏற்காட்டு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி போய் நிற்கிறவரைக்கும் அது அசையவில்லை.

மேக்ஸ்வெல் இன்ஜினை அணைத்தார்.

“நல்லா ஏறுதுங்கண்ணா வண்டி,” என்றார் பொன்னுவேல். சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார்.

“பொன்னுவேலு... அரிசி ஏத்தறதுக்கு நாளைக்குக் காலையிலயே வந்துரட்டுமா?”

பொன்னுவேல் திரும்பிப் பார்க்காமல், “வேண்டாமுங்க,” என்றார். மாரமங்கலம் பஸ் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. அவர் சாலையைத் தாண்டிப் போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார்.