மொட்டை மேட்டு மரதன்

எங்கள் ஊர்ச்சங்கம் கோடையில் வைக்கும் ஒன்றுகூடலில் எனக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. மோர்னிங்சைட்டில் தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாவில் தொடங்கி, பக்கத்துப் பூங்காவைக் கடந்து, அதன் பின்னால் உள்ள மொட்டை மேட்டில் ஏறி, உச்சியில் நட்ட கொடியைத் தொட்டுவிட்டு இறங்கி வரவேண்டும். மேட்டில் ஒரு மரம் கிடையாது. முழங்கால் உயரப் புல்லும் முட்செடியும் காற்றும்தான். கூட்டிப் பார்த்தால் இரண்டு கிலோமீற்றர் வராது. ஆனாலும் சங்கத்துக்கு அது மரதன் ஓட்டம்.

எனக்கு ஒன்பது வயது. அந்தமுறை ஓடியே தீருவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். அம்மாவோ எனக்கு வேறு வேலை தந்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடமாக எங்களோடு இருந்தார். அவரைப் பார்க்கப் பக்கத்து நகரமான மிசிசாகாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண் பார்க்க வந்ததாகத் தெரியக்கூடாதாம். வந்த இடத்தில் தற்செயலாகக் கண்டதாக இருக்கவேண்டுமாம். ஊரில் கோயில் வீதியில் நடக்கிற விஷயத்தை இங்கே கொத்துரொட்டிப் புகைக்குள் நடத்துவார்கள்.

சின்ன வயதில் போரில் ஷெல் பட்டதால் சித்தியின் இடது முழங்கால் மடங்காது. "காலைப் பற்றி மெல்ல மெல்லச் சொல்லலாம்" என்று காருக்குள் அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குச் சித்தியின் நடை சித்தியின் நடைதான். அதில் மெல்லச் சொல்ல என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கே அம்மா பூங்காவில் ஒரு மரநிழலில் மடக்குக் கதிரையை விரித்து, சித்தியை இருத்தி, சேலைக் கொசுவத்தைக் கால்மேல் இழுத்துவிட்டார்.

"அவையள் வந்திட்டுப் போகுமட்டும் எழும்பாத. தண்ணியும் குடியாத, பிறகு பாத்ரூமுக்கு நடக்கவேண்டி வரும்."

சித்திக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ரோல்ஸ் கொண்டுபோனேன், விழுந்த கைக்குட்டையை எடுத்தேன். பதினொரு மணியளவில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு காரில் வந்து எதிர்மேசையில் அமர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வந்து பேசியபோது சித்தி கதிரையில் இருந்தபடியே கும்பிட்டார். அந்தத் தாயின் முகம் சற்றுச் சுருங்கியது. "காலமை தொடக்கம் அவளுக்குத் தலையிடி" என்று அம்மா முந்திக்கொண்டார். சித்திக்குத் தலையிடி ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் மரதனுக்குக் கூப்பிட்டார்கள். சின்னவர், பெரியவர் எல்லோரும் ஓடலாமாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களாலதான் எனக்கு ஓடேலாமக் கிடக்கு, சித்தி. உங்களை என்ன கதிரையோட ஒட்டியே வைச்சிருக்கு?"

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். அம்மா மாப்பிள்ளை வீட்டாருக்காகக் குதியுயர்ந்த செருப்புக்கு மாறியிருந்ததால், அவருடைய ஓட்டச் சப்பாத்து சாப்பாட்டுக் கூடைக்கருகில் சும்மா கிடந்தது. சித்தி அதைப் போட்டு, சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

"வா, ரெண்டுபேரும் ஓடுவம்."

"எங்க போறாய்? இரு" என்றார் அம்மா, எதிர்மேசையைப் பார்த்துச் சிரித்தபடியே.

"இருந்தது காணும், அக்கா, போதும்."

குதியுயர்ந்த செருப்போடு அம்மாவால் புல்லில் நாலடிகூட எட்டி வைக்க முடியவில்லை.

ஓட்டம் தொடங்கி, மேட்டின் அடிக்கு நாங்கள் வருவதற்குள் மற்றவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். சித்தி இடதுகாலை வெளியே வீசி வீசி ஓடினார். மறைக்க ஒரு மரம் இல்லாத மேடு. பூங்கா முழுவதும் எங்களைப் பார்த்தது. நான் முன்னே ஓடுவதும், திரும்பி வந்து "கெதியா வாங்கோ" என்று அவரை அதட்டுவதுமாக இருந்தேன். உச்சியில் கொடியைத் தொட்டதும் திரும்பி ஓடவேண்டியதுதானே? சித்தி நின்றார். கீழே உள்ள மேசைகளைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாங்கள் இறங்கி வந்தபோது பரிசு கொடுத்து முடிந்து, சாப்பாட்டுக்கு வரிசை நின்றது. மிசிசாகாக் கார்கள் இரண்டும் சாப்பிடாமலே போயிருந்தன. "மானத்தை வாங்கிப்போட்டாய்" என்றார் அம்மா. சித்தி ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார், இன்னொன்றையும் குடித்தார். பிறகு எல்லா மேசைகளுக்கும் நடுவால் ஆறுதலாக, அவசரமில்லாமல், பாத்ரூமுக்கு நடந்து போனார்.

வீடு திரும்பும்போது காரில் நான் பொறுக்காமல், "நாங்கள்தான் கடைசி" என்றேன்.

"எல்லாரும் பாத்தவையோ?" என்று கேட்டார் சித்தி.

"ஓம்."

"அப்ப காணும்."

பாவம், சித்திக்கு ஓட்டப் போட்டி என்றால் என்னவென்று தெரியவில்லை என்று நினைத்தேன். முதலில் வருகிறவர்தான் வென்றவர், கடைசியில் வருகிறவர் தோற்றவர் என்று வீடு வந்து சேரும்வரை அவருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்திக்கொண்டு வந்தேன்.