எந்த மொட்டை?

எனக்கு ஒருவருடைய முகம் மறந்தாலும் தலைமுடி மறக்காது. நகரியில் நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டினேன். தறிக்கு மேலாக எட்டிப் பார்த்தால் எதிர்வரிசை ஆட்களின் தலை மட்டும்தான் தெரியும். சுருட்டை, கோரை, நடுவில் வழுக்கை, எண்ணெய் வழிகிற தலை. பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பெயர்ப்பட்டியல் எல்லாம் தலையில்தான் இருக்கும் என்பார்கள். எனக்கு அடுத்தவன் தலையில் இருந்தது. இந்தத் திறமையை வைத்துக்கொண்டு நான் திருப்பதிக்குக் குடிவந்தேன்.

வந்தது என் மனைவியின் முழங்காலுக்காக. அதற்கு முன்னால் சித்தூரில் மாடிவீட்டில் இருந்தோம். இருபத்திரண்டு படி. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் படிகளில்தான் மிளகாய் காயவைப்பார். தும்மிக்கொண்டே ஏறுவோம், தும்மிக்கொண்டே இறங்குவோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், மாங்காய் ஊறுகாய் கொடுப்பார். அதிலும் மிளகாய் ஜாஸ்தி. அவர் கதை இருக்கட்டும். இனிமேல் இந்த அம்மா படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பதியில் அலைந்து தேடியதில் கீழ்வீடாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. மற்றதெல்லாம் இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. இந்த வீடும் போனால் அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். என் முதுகு இருக்கிற நிலைக்கு, யார் யாரைத் தூக்குவது என்று முதலில் பேசி முடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு போர்ஷன் வீடு. நடுவில் பொதுவாக ஒரு குளியலறை, வெளியே ஒரு குழாய். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குனிந்து மொள்ள முடியாத மனைவிக்காக ஒரு நீல டிரம் வாங்கி, குழாய் பக்கத்தில் கல் அடுக்கி உயரமாக வைத்திருந்தேன். தண்ணீர் வருகிற நாளில் அதை நிரப்புவதுதான் என் உத்தியோகம்.

பக்கத்துப் போர்ஷனில் ஒரு ஆட்டோக்காரர். சொந்த ஊர் குப்பம். அவர் திருப்பதியில் வீடு எடுத்த நாளிலிருந்து குப்பத்தில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பக்தி முற்றிவிட்டது. வாரத்துக்கு ஒரு கூட்டம் வரும். முடியோடு மலை ஏறும், மொட்டையோடு இறங்கும். மேலேயே குளித்துவிட்டு வந்தாலும் கழுத்தில் துணுக்கு முடி அரிக்கும் இல்லையா, அதனால் எங்கள் வீட்டில் மறுபடி ஒரு குளியல். என் மனைவியின் டிரம் காலி. எங்கள் கொடியில் அவர்கள் வேட்டி. எங்கள் துளசித்தொட்டியில் எவனோ பல் விளக்கித் துப்பியிருந்தான்.

ஒருநாள் என் கண்ணெதிரே ஒருத்தன் டிரம்மைக் கவிழ்த்துக் கடைசிச் சொம்பையும் ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடினான். நேராக ஆட்டோக்காரரிடம் போனேன்.

"இன்னாப்பா இது, டிரம்மு தண்ணி பூரா ஊத்திக்கினு போறான் உங்காளு?"

"எவன் தாத்தா?"

"மொட்டை."

"எந்த மொட்டை?"

உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். ஐந்து பேர் வந்து வரிசையாக நின்றார்கள். ஐந்து தலையிலும் சந்தனம். கடைசியில் நின்றது ஒரு அம்மா.

"காட்டு தாத்தா. யாருன்னு கைகாட்டு, இப்பவே ரெண்டு போடறேன்."

ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படி ஒரு இக்கட்டு வந்திருக்காது. அந்த அம்மா, "கோவிந்தா" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என் மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கப் போன ஆளு, சாமி கும்ட்டுக்கினு வர்றியே" என்றாள்.

அந்த வார்த்தை உறைத்தது. இரண்டு போர்ஷனுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரர் சித்தூரில் இருந்தார். அவருக்குப் போன் போட்டேன். அவர் சாதாரணமாகவே எரிந்து விழுகிற மனிதர். தலையில் முடி அடர்ந்து, கறுப்பு மை போட்டு, முன்பக்கம் கோபுரம் மாதிரி தூக்கி வாரியிருப்பார். ஆளை அடையாளம் காண அது ஒன்று போதும்.

"இதோ பாரு பெரியவரே, நானே வந்து நேர்ல பாக்குறேன். இன்னொரு தபா சண்டைன்னு போன் வந்துது, ரெண்டு வூட்டையும் காலி பண்ணிட்டு பேச்சிலர்க்கு வுட்ருவேன்."

அதன்பிறகு நானும் ஆட்டோக்காரரும் சண்டைக்கு வாயே திறக்கவில்லை. நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலையில் டிரம்மை நிரப்பிவிட்டு பால் வாங்கப் போய்த் திரும்பினேன். குழாயடியில் ஒரு மொட்டை எனக்கு முதுகைக் காட்டி நின்று, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, என் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் எனக்கு. அடக்கி வைத்திருந்த நாலு நாளும் ஒன்றாக வெளியே வந்தது.

"டேய்! ஒங்கப்பன் கட்ன வூடாடா இது?"

நுரைக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஆமா. எங்க நைனா கட்ன வூடுதான்."

திரும்பினார். வீட்டுக்காரர். கோபுரத்தை மலையில் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

பால் பாக்கெட் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. "சார்..." என்றேன்.

"ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணிடு" என்றார். கண்ணில் சோப்பு போனதால் மூடிக்கொண்டே சொன்னார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை, உட்கார்ந்தாள்.

என் சத்தத்துக்கு ஆட்டோக்காரரும் அந்த வாரத்து மொட்டைகள் மூன்று பேரும் ஓடிவந்து குழாயடியில் குழுமியிருந்தார்கள். அப்போது தெருவில் நின்ற காரிலிருந்து வீட்டுக்கார அம்மா லட்டுப் பையோடு இறங்கி உள்ளே வந்தார். விறுவிறுவென்று வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு குப்பத்து மாமாவின் தோள் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏமண்டி, ஸ்நானம் அயிந்தா? வாங்க, டைம் ஆச்சு!"

மாமா திரும்பினார். அந்த அம்மா, "ஐயையோ" என்று துண்டை விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மிச்ச மூன்று மொட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீட்டுக்காரர் நுரையோடு கையைத் தூக்கிக் காட்டினார்.

ஆட்டோக்காரர் விடவில்லை. "சார், முப்பது வருசம் குடும்பம் நடத்துன அம்மாக்கே தெரியல. கண்ணு மங்குன தாத்தாக்கு எப்டி சார் தெரியும்? என்னைத் தெனமும் இதவிட மோசமா திட்னு கீறாரு, நான் இன்னா காலியா பண்றேன்? இவ்ளோ பொறுமையா ஒரு ஆளு பக்கத்து வூட்டுக்குக் கெடைக்கமாட்டாரு சார். எங்காளுங்க பண்றதுக்கு வேற எவனா இருந்தா வெட்டியிருப்பான்."

இது எனக்காகப் பேசியதா, அவருக்காகப் பேசியதா என்று இன்றுவரை யோசிக்கிறேன். வீட்டுக்காரர் முகத்தைக் கழுவினார். மனைவியைப் பார்த்தார். என் மனைவியின் காலைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். அது காலி. கடைசிச் சொம்பும் அவர்தான் ஊற்றியிருந்தார்.

"சரி, இருந்து தொலைங்க. ஆனா இன்மே எவன் டிரம்முல கை வெச்சாலும், மொதல்ல பெரியவரு கதவத் தட்டி நான் இன்னாருன்னு சொல்லிட்டுத்தான் மொள்ளணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு சித்தூருக்குக் கிளம்பினார்.

குப்பத்துக்காரர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். இப்போதெல்லாம் விடிந்ததும் எங்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

"யாரது?" என்று என் மனைவி கட்டிலில் இருந்தபடி கேட்பாள்.

"நான்தான் ஆயா."

"நீன்னா?"

"நான்தான்!"

அவள் என்னைப் பார்ப்பாள். நான் எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன். ஒரு மொட்டை சொம்போடு நிற்கும்.

"சரி, மொண்டுக்கோ" என்பேன்.