“கியர் ஆயில் இப்பதான் மாத்தினேன் மாமா”

ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயிலை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்று இந்தக் கார் குழுவில் நீங்கள் போட்ட சண்டையைப் படித்துவிட்டு, இன்று வேங்கிக்கால் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கொஞ்ச நாளாகக் கியர் விழும்போதெல்லாம் ஒரு உதறல்.

என் மனைவியின் தம்பியிடம் வாங்கிய வண்டி.

“நம்ம குடும்பத்து வண்டி மாமா, வெளி ஆளுக்குக் குடுக்க மனசு வரல. கியர் ஆயில் இப்பதான் மாத்தினேன்” என்றான். கோயில் கோபுரத்துக்கு முன்னால் அவன் கையாலேயே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மெக்கானிக் ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். தார் மாதிரி இருந்தது. பிறகு பின்கதவில் இருந்த பழைய நசுங்கலைப் பார்த்தார்.

“இந்த வண்டியா சார்? முன்னாடி ஒருத்தர் எடுத்துட்டு வந்தாரே! ஆயிலே மாத்தாம ரொம்ப ஓட்டிட்டாரு. இனிமே புது ஆயில் ஊத்தினா கியர் வழுக்கினாலும் வழுக்கும், அப்படியே யார் தலையிலயாவது கட்டிடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

அந்தத் தலை என்னுடையதுதான் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இப்ப நான் என்னங்க பண்றது?”

“அவருக்குச் சொன்னதுதான் சார் உங்களுக்கும்.”

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் மச்சானின் மெசேஜ்: “மாமா, பௌர்ணமிக்குக் குடும்பத்தோட கிரிவலம் வர்றோம். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்துடுங்க.”

கிரிவலம்தானே, பஸ் ஸ்டாண்டிலிருந்தே நடக்கச் சொல்லிவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.