கால் பங்கு உப்பு

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில் இருக்கிற ஒரு சாயப்பட்டறையில்தான் தொடங்கியது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் படபடவென்றுதான் வருகிறது.

நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பாடம் நடத்துகிறேன். வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. முடிக்கிறேன் என்று கிளம்பி அப்போதே ஆறு வருடம் ஓடிவிட்டிருந்தது. ஒருமுறை கால நீட்டிப்பும் வாங்கியாயிற்று. "இன்னும் எத்தனை நாளைக்குங்க படிப்பீங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்கள் ஊரான கணியூரில் ஒருத்தர்கூட பாக்கியில்லை. நல்ல ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தால்தான் நான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். வராவிட்டால் ஆறு வருடமும் போச்சு.

கட்டுரையின் விஷயம் உப்பு. பனியன் துணிக்குச் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். சாப்பாட்டுக்குப் போடுகிற மாதிரி சிட்டிகை அல்ல, மூட்டை மூட்டையாக. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு உப்பு மட்டும் அப்படியே தண்ணீரில் நின்றுகொள்ளும். பிறகு அந்தத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுப்பதற்குள் பட்டறைக்காரர்களுக்குத் தாவு தீர்ந்துவிடும். துணியை முதலிலேயே ஒரு கரைசலில் நனைத்தெடுத்தால் குறைந்த உப்பிலேயே சாயம் ஏறும் என்பது என் யோசனை. முழு உப்பு, முக்கால், பாதி, கால் என்று நான்கு குடுவைகளில் ஒரே கருநீலச் சாயத்தைப் போட்டு, அந்தப் பட்டறையின் சின்ன மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

முடிவு என்ன தெரியுமா? கால் பங்கு உப்பிலும் முழு உப்பின் அதே கருநீலம்! கல்லூரியில் நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தால் நான்கு துணிக்கும் ஏறக்குறைய ஒரே எண். வரைபடம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோவையில் இருக்கும் என் நெறியாளரும் வரைவைப் படித்துவிட்டு, சாய உலகமே திரும்பிப் பார்க்கும் என்றார். ஒரு நல்ல இதழின் சிறப்பிதழுக்குத் திங்கட்கிழமை மாலைதான் கடைசி. அட்டவணை, படம், மேற்கோள் பட்டியல், ஆசிரியருக்குக் கடிதம் என்று எல்லாம் தயார். அந்த இதழின் விதிகள் இருக்கின்றனவே, ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுகிற ரகம். அதையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு படிவம். இந்த ஆய்வில் யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் பட்டறையில் மாதிரித் துணிக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சாம்பிள் மாஸ்டர் ஞாபகத்துக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். காலை ஏழு மணிக்கு நான் போய்க் குடுவைகளை மெஷினில் மாட்டி ஓடவிட்டு, பத்து மணி வகுப்புக்குக் கல்லூரிக்கு ஓடிவிடுவேன். துணியை வெளியே எடுத்து அலசிக் காயவைத்து, சீட்டு ஒட்டிக் கவரில் போட்டு வைப்பது அவர். அவருக்கு ஒரு நன்றி போட்டுவிடலாம் என்று, பெயரின் ஆங்கில எழுத்தைக் கேட்க நேரிலேயே போனேன். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

"மாஸ்டர், உங்க பேரை இங்கிலீஷ்ல எப்படிங்க எழுதுவீங்க? என்ற பேப்பர்ல உங்களுக்கு நன்றி போடறனுங்க."

மனிதருக்கு வாயெல்லாம் பல். "ரொம்ப சந்தோஷம் மேடம். அப்படியே அந்தக் கால் பங்கு உப்பு துணிக்கு நான் பட்ட பாட்டையும் ஒரு வரி சேத்துக்கிடுங்க. மூணு தடவையும் வெளுத்துல்லா போச்சு! டாப்பிங் போட்டுல்லா ஷேடைக் கொண்டு வந்தேன்."

டாப்பிங் என்றால், நிறம் குறைந்த துணிக்கு மேலே இன்னும் கொஞ்சம் சாயம் விட்டு மறுபடி ஓட்டுவது. பட்டறையில் அது தினப்படி நடப்பதுதான். என் ஆராய்ச்சியில் அது நடந்தால் ஆராய்ச்சியே செத்தது. நான் கண்டுபிடித்ததாகக் கொண்டாடியது உப்பின் மகிமையை அல்ல, இந்த மனிதரின் கைவேலையை!

"ஏனுங்க, உங்களை யாருங்க டாப்பிங் போடச் சொன்னாங்க?" பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். எனக்குப் பொறுமை குறைவு, வாய் ஜாஸ்தி. வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அவர் பயப்படவில்லை, குழம்பித்தான் போனார். "நீங்கதான மேடம் சொன்னீங்க? மொத நாளே, 'நாலு துணியிலயும் இந்த ஷேடு வந்தே ஆகோணும் மாஸ்டர், என்ற பொழப்பே இதுலதான் இருக்குது'ன்னு சொல்லிட்டுப் போனீங்கல்லா? ஷேடு வராத துணியை நாங்க வெளிய விடமாட்டோம் மேடம். இந்தா, எல்லாம் எழுதித்தான் வச்சிருக்கேன்."

நோட்டை விரித்துக் காட்டினார். தேதி, நேரம், எத்தனை மில்லி சாயம் என்று மூன்று முறைக்கும் குண்டு குண்டாக எழுதியிருந்தது. ஒளிவுமறைவே இல்லை. அந்த நோட்டு மெஷின் பக்கத்து ஆணியில்தான் எப்போதும் தொங்கும். நான் ஒரு நாளும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. நான் ஆசைக்குச் சொன்னதை அவர் ஆர்டராக எடுத்துக்கொண்டார். சாயப்பட்டறையில் 'இந்த ஷேடு வரணும்' என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம்? தப்பு முழுக்க என் பக்கம்.

வண்டியை எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்தவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "மேடம், இது பேப்பர்ல வந்துட்டுன்னா எங்க முதலாளி கால் பங்கு உப்புலயே எல்லா லாட்டையும் ஓட்டச் சொல்லுவாரு. எல்லாம் வெளுத்து வந்தா டன் கணக்குக்கு யாரு டாப்பிங் போடுதது?"

பல்லடம் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கெட்ட எண்ணம் வந்தது. இந்த விஷயம் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். வரைபடம் அழகாக இருக்கிறது, நெறியாளர் சம்மதித்துவிட்டார், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். டீ ஆறி ஆடை கட்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி விடவில்லை. என் கட்டுரையை நம்பி எந்தப் பட்டறையிலோ ஒரு லாட் துணி முழுக்க வெளுத்து நிற்கும். அங்கேயும் இவரைப் போல ஒருத்தர் முதலாளியிடம் திட்டு வாங்குவார்.

நெறியாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குதில்லம்மா? அப்ப உண்மையான கோடு எப்படி இருக்குதுன்னு பார்த்துடுவோமே" என்றார். அந்த நிமிடம் எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. அட, ஆமாம்! உண்மையான கோட்டை நான் இன்னும் பார்க்கவே இல்லையே!

பட்டறை மேனேஜரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மெஷின் சும்மாதானுங்க கெடக்கும், வந்து ஓட்டிக்குங்க" என்று சாவியையே கொடுத்துவிட்டார். மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டு, வர முடியுமா என்றேன். ஞாயிறு காலை சர்ச்சில் முதல் பூசையை முடித்துக்கொண்டு, தண்ணீர் தொட்டு வாரிய தலையோடு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

அன்றைக்கு நான் மெஷினை விட்டு நகரவே இல்லை. இருட்டுவதற்குள் மூன்று ஓட்டம் முடிக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து குடுவைகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். முழு உப்பு, பளீர் கருநீலம். முக்கால், அதே. பாதி... ஜன்னல் வெளிச்சத்தில் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், பாதியும் நிக்குது மேடம்! இம்மி குறையல!" இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். நான்காவதைத் திறந்தோம். பலமுறை துவைத்த பள்ளிக்கூடப் பாவாடை நிறத்தில் அது வெளுத்துப்போய்க் கிடந்தது.

மாஸ்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தன்னையறியாமல் சாயக் குப்பியை நோக்கி அவர் கை போனது.

"மாஸ்டர், கைய எடுங்க!"

"கொஞ்சமே கொஞ்சம் மேடம். இப்படி வெளுத்த துணியை நான் வெளிய விட்டதே இல்ல மேடம். கை பரபரங்கு."

"வெளுத்தாத்தானுங்க நமக்கு வேணும். அப்படியே அலசிப் போடுங்க!"

அடுத்த இரண்டு ஓட்டத்துக்கும் மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். கடைசிக் குடுவையைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று முறையும் அதேதான்: பாதி உப்பு வரை நிறம் நின்றது, கால் பங்கில் சறுக்கியது.

திங்கட்கிழமை வகுப்புகளுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக் கருவியின் முன் உட்கார்ந்தேன். எண்களை உள்ளே போட்டதும் திரையில் வரைபடம் வந்தது. பாதி வரை நேராக வந்த கோடு, கால் பங்கில் டபக்கென்று கீழே இறங்கியது. பழைய நேர்கோட்டைவிட இந்த வளைந்த கோடுதான் எனக்கு அழகாகத் தெரிந்தது என்றால் நம்புவீர்களா? தலைப்பை மாற்றினேன், சுருக்கத்தை மாற்றினேன், 'கால்' என்று பீற்றிக்கொண்ட இடத்திலெல்லாம் 'பாதி' போட்டேன். மாஸ்டர் நோட்டிலிருந்த கணக்கையும் விடவில்லை. கால் பங்கு உப்பில் ஓட்டினால் எவ்வளவு கூடுதல் சாயம் பிடிக்கும் என்று ஒரு புது அட்டவணையே வந்துவிட்டது. இவ்வளவு செய்தவருக்கு வெறும் நன்றியா? நெறியாளரிடம் கேட்டேன். "அவர் பேர் மேல ஆசிரியர் வரிசையிலதாம்மா வரணும், நம்ம கூடவே" என்றார்.

சேதியைச் சொன்னதும் மாஸ்டர் ஷிப்ட் முடித்து, சட்டை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்துக் கல்லூரிக்கே வந்துவிட்டார். நகத்தில் மட்டும் கருநீலம் அப்படியே இருந்தது. நேரம் நாலரை. அவர் பெயரை அடித்து அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தால் இணையதளம் விடமாட்டேன் என்றது. குடும்பப் பெயர் வேண்டுமாம், வெற்று இனிஷியல் செல்லாதாம்.

"உங்க அப்பா பேரைப் போட்டுறலாமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். "போடுங்க மேடம். ஆனா எங்கப்பா இன்னைக்கும் தூத்துக்குடி உப்பளத்துல உப்பு வாருதாரு."

நான் விசைப்பலகையில் கை வைத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தேன். உப்பைக் குறைக்கச் சொல்கிற கட்டுரையில் உப்பு வாருகிறவர் பெயர்! ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல அடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். வந்து சேர்ந்தது என்று பதில் மின்னஞ்சல் வந்தபோது, அந்த ஆய்வகத்தில் இரண்டு பேரும் கைதட்டினோம்.

சில மாதங்களில் கட்டுரை ஏற்கப்பட்டது. எந்த இடத்தில் இந்த முறை பலிக்காது என்று சொன்னதுதான் இதன் பலம் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்தார். ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன மாஸ்டர் அச்செடுத்த பக்கங்களை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பெயரை மட்டும் மகன் காட்டியதும், உப்பில் வெடித்த விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். உப்பைப் பாதியாகக் குறைக்கலாம் என்று எழுதியிருக்கிறோம் என்றதும், "அட பாவிகளா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் காட்டக் கிளம்பிவிட்டாராம்.

இப்போதெல்லாம் என் மாணவிகள் அப்பழுக்கில்லாத நேர்கோட்டோடு வந்து நின்றால், துணியைக் கையால் எடுத்தவர் யார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் ஒரு நாளும் நான் புரட்டாமல் விட்ட, ஆணியில் தொங்கிய அந்த நோட்டு என் கண் முன்னால் வந்து நிற்கிறது.