லிஃப்ட்காரரைக் கடித்த இன்ஸ்பெக்டர்

அவர் முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். குடியிருந்தது மட்டும் தரைத்தளத்தில். மனைவி இதைச் சொல்லிக் காட்டாத நாள் குறைவு.

அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. லிஃப்ட் வந்து நிற்கும்போது உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கம்பெனி பத்து மில்லிமீட்டர் வரை வித்தியாசம் விட்டது. அவர் இரண்டுக்கு மேல் விட்டதில்லை. "கைத்தடியோட ஒருத்தர் ஏறுவார். அவருக்குப் பத்து மில்லின்னா அது படிக்கட்டு" என்பார்.

அவர் கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட் அவர் கைபட்டது அல்ல. ஒரு விரல்கடை தாழ்ந்து நின்றது. ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தபோது சக்கரம் தட்டியது. அவர் கண்ணைத் திறந்து, "யார் பாக்குறாங்க இத?" என்று கேட்டார்.

பூனை அவரைக் கடித்தது அதற்கு நான்கு வருடம் முன்பு.

பூனைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். பெண் பூனை. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் குட்டியாகக் கிடந்ததை மதிய சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். அரசாங்கத்து லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து சோதனை போடுவார். இது தினமும் சாயங்காலம் அவர் பையைச் சோதனை போட்டது. அதனால் அந்தப் பெயர்.

ஒன்பது வருடமாக ஒரே நடைமுறை. ஆறரைக்கு வருவார். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார். இன்ஸ்பெக்டர் பையை முகர்ந்து, ஸ்பேனரை முகர்ந்து, கடைசியில் அவர் முழங்காலில் தலையால் முட்டும். சர்டிஃபிகேட் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். உடனே அவர் ஒரு கையை அதன் மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்கால்களுக்கு அடியிலும் கொடுத்து, ஒரே வீச்சில் தோளுக்குத் தூக்கிவிடுவார். மனைவி அதைத் தூக்கியதே இல்லை. சோறு வைப்பாள், பேசுவாள், திட்டுவாள். "முடி ஒட்டும்" என்று கையில் எடுக்க மாட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தோளுக்குப் போகும் வழியிலேயே அது அவரைக் கடித்தது. விளையாட்டுக் கடி இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே நான்கு ஓட்டை. பூனை குதித்து ஓடி பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது. அவர் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இருபத்தெட்டு வருஷமா நான் செய்யணும்னு நினைச்சத அது செஞ்சிருச்சு."

"சிரிக்காத. ரத்தம் நிக்கல."

நிற்காது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி துணியால் அழுத்திக்கொண்டு சுவர்க்கடிகாரத்தில் இருபது நிமிடம் பார்த்தாள்.

மறுநாள் அவர் கதவைத் திறந்ததுமே பூனை காதை மடக்கி உறுமியது. அதற்கு மறுநாள், அடுப்படிக்குப் போகிறவரின் கணுக்காலில் பாய்ந்தது. அதே பூனை மனைவியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து குழைந்தது. சனிக்கிழமை அவர் சமாதானம் பேசப் போய், மறுபடி தூக்கப் பார்த்து, அதே கையில் இரண்டாவது கடி வாங்கினார். இந்தத் தடவை கை வீங்கியது. கையுறை நுழையவில்லை. ஐந்து நாள் லீவு.

"பூனைக்கடி பாக்கத்தான் சின்னது. உள்ளுக்குள்ள சீழ் வச்சிடும்" என்றார் புதன்கிழமை கையைப் பார்த்த டாக்டர். "உங்க மாத்திரைக்கும் உங்க வேலைக்கும் மூணாவது கடி ஆகாது. யாருக்காவது கொடுத்துடுங்க."

மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். டாக்டர் சொல் அவளுக்குச் சட்டம். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவிடாமல் முடிவைச் சொன்னாள். அவருடைய கூட்டாளியின் மச்சானுக்குப் பேப்பர் குடோன் இருந்தது. அங்கே எலித்தொல்லை. வருகிற ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறு கூட்டாளி வந்து பூனையை எடுத்துப் போகட்டும்.

அவர் காலண்டரைப் பார்த்தார். "பதினோரு நாள் இருக்கு."

"எதுக்கு?"

"பழுது கண்டுபிடிக்க."

"அது மெஷின் இல்லைங்க."

"பழுதுன்னா பழுதுதான்."

மகள் வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். போனில் கேட்டுவிட்டு, "உங்க மேல ஏதோ மாறியிருக்குப்பா. வாசனையா இருக்கும். போன மாசம் புதுசா என்ன வந்துச்சுன்னு பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க" என்றாள். அவர் கற்றுக்கொடுத்த பாடம்தான் அது.

மனைவிக்கு வேறொரு யோசனை இருந்தது. "வேற ஏதாவது பூனைய தடவிட்டு வர்றீங்களா? உண்மையச் சொல்லுங்க. சக்களத்தி வாசனை பொம்பளைக்குத் தெரியும்."

"ஏம்மா, எனக்கு ஒரு பூனையக் காப்பாத்தவே துப்பில்ல."

லீவு முடிந்து திங்கள்: சோப்பை மாற்றினார். பலனில்லை. செவ்வாய்: ஷூவை வெளியே விட்டுவிட்டுப் பழைய செருப்பில் உள்ளே வந்தார். உறுமல். புதன்: லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்துக்குப் போடும் எண்ணெயைக் கம்பெனி போன மாதம்தான் மாற்றியிருந்தது. இதுதான் என்று அப்பாவும் மகளும் போனில் ஏறக்குறைய கைகுலுக்கிக்கொண்டார்கள். ஸ்டோரில் கெஞ்சிப் பழைய எண்ணெய் அரை லிட்டர் வாங்கி, ஒரு சட்டையில் லேசாகத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பூனை பீரோவுக்கு அடியிலிருந்து காறித் துப்புவதுபோல் சீறியது. சட்டையைத் துவைத்த மனைவி அதைவிடப் பலமாகச் சீறினாள்.

வியாழன் மாலை அவர் வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பை திறந்தே கிடந்தது. சோதிக்க யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் மூன்றாவது மாடி பக்கம் வரும்போது மட்டும் சட்டென்று நின்றுவிடுகிறது. முன்பு வந்தவர்கள் மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டை இரண்டு தடவை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டாளி கூடவே வந்தார். பெரிய உடம்பு. லிஃப்ட் பெட்டியைச் சமன் செய்ய மறுமுனையில் தொங்கும் இரும்புக் கனத்தின் பெயரையே அவருக்கும் வைத்திருந்தார்கள்: கவுண்டர்வெயிட்.

"மூணாவது மாடி மேல இதுக்கு என்ன பகையோ தெரியல அண்ணே" என்றார் கவுண்டர்வெயிட். "மத்த எல்லா மாடிலயும் தங்கமா போகுது."

லிஃப்ட்காரர் குழிக்குள் இறங்கி, பெட்டிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தட்டையான கேபிள் ஒன்று அதன் அடியில் ஊஞ்சல்போல் வளைந்து தொங்கும். பெட்டி ஏற ஏற, வளைவு கேபிளில் இடம் மாறிக்கொண்டே போகும். மூன்றாவது மாடிக்குப் பெட்டி வரும்போது வளைகிற இடத்தை அவர் விரலால் தடவினார். உறைக்குள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. நேராக இருக்கும்வரை இரண்டு நுனியும் ஒட்டிக்கொண்டிருக்கும். வளைந்தால் விலகும். விலகினால் லிஃப்ட் நிற்கும்.

"மாடி மேல பகை இல்லப்பா" என்றார். "கேபிள்லதான் கோளாறு. அந்த மாடிக்கு வரும்போதுதான் இந்த இடம் வளையுது. வளைஞ்சா வலிக்குது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கேபிளுக்கு வலிக்கும் என்று அவர் அதுவரை சொன்னதில்லை.

"என்னண்ணே?"

"என் பூனைய நான் மட்டும்தான் தூக்குறேன்."

"அதுக்கு?"

"நீ கம்பிய மாத்து. உதிரி கம்பி ரெண்டு கேபிள்லயே ஓடுது. நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."

வீட்டில் மனைவி அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் இரும்புக் கயிறு பிடிக்கும் தோல் கையுறைகளை அவள் முன்னால் நீட்டினார்.

"இதப் போட்டுக்க. இன்ஸ்பெக்டரத் தூக்கு."

"எதுக்கு?"

"நான் தூக்குற மாதிரியே தூக்கணும். ஒரு கை நெஞ்சுல, ஒரு கை பின்னாடி. ஒரே ஒரு தடவை."

"ஒன்பது வருஷம் தூக்காதவ இப்ப எதுக்குத் தூக்கணும்? நீங்க பட்டது போதாதா?"

"கையுறை இருக்குல்ல. தூக்கு தாயே."

முழங்கை வரை தோல் மாட்டிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள். பூனை அவளைப் பார்த்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. குனிந்து, அவர் சொன்னபடியே கை கொடுத்து மெதுவாகத் தூக்கினாள். பின்கால் தரையை விட்டதுதான் தாமதம். ஒரு அலறல். கையுறையில் பல் பதிந்தது. அவள் கீழே விடுவதற்குள் அதுவே நழுவி மூலைக்கு ஓடியது.

"கடிச்சிருச்சு!" என்றார் அவர். "உன்னையும் கடிச்சிருச்சு!"

"அதுல என்னய்யா உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்?"

"என் மேல கோவம் இல்ல. அதுக்கு எங்கயோ வலிக்குது!"

பூனையை அவள் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிக்குள், மீன் துண்டைக் காட்டியே வரவழைத்தாள். சனிக்கிழமை காலை கால்நடை மருத்துவரிடம் போனார்கள். அந்த டாக்டரம்மா நிதானமாகத் தடவிக்கொண்டே வந்து, இடது இடுப்பில் கை வைத்ததும் பூனை உறுமியது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது மூட்டு மழமழவென்று உருண்டையாக இருந்தது. இடது மூட்டு தேய்ந்து சொரசொரத்திருந்தது. லிஃப்ட்காரர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். தேய்ந்த பேரிங் அவருக்குத் தெரியும்.

"வீட்டுல யார் தூக்குவீங்க?"

"நான்தான்."

"எப்படி?"

வெறுங்கையால் காற்றில் தூக்கிக் காட்டினார்.

"சரியா அந்த இடத்துலதான் உங்க கை விழுது. பூனை வலிய வெளிய காட்டாது சார், மறைக்கத்தான் பார்க்கும். முடியாமப் போனப்பதான் கடிச்சிருக்கு. இப்ப உங்களைப் பாத்தாலே வலி வரப்போகுதுன்னு அது நினைச்சுக்குது." மருந்து எழுதிக் கொடுத்தார். "சாப்பாட்டுல கலந்து கொடுங்க. இனிமே தூக்க வேண்டாம். கிட்டப் போகவும் வேண்டாம். தரையில சும்மா உக்காருங்க. அதுவா வந்தா வரட்டும்."

"வருமா?"

"சொல்ல முடியாது."

திரும்பும் பஸ்ஸில் பெட்டி மனைவியின் மடியில் இருந்தது. பாதி வழியில் அவர் கேட்டார்: "கடிக்கிறதுக்கு முன்னாடி எத்தன நாள் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கும்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தினமும் தூக்கியிருக்கேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்கன்னு கேட்டேன்."

ஞாயிறு காலை கவுண்டர்வெயிட் ஒரு பிரம்புக் கூடையோடு வந்தார். கதவைத் திறந்தது மனைவி. கூடையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எலிக்கு வேற ஆளப் பாருங்க தம்பி. இது மெடிக்கல் லீவுல இருக்கு."

"அப்ப கடி?"

"ஒரு மாசம் டைம் குடுத்திருக்கேன். பூனைக்கும் அவருக்கும். மூணாவது கடி விழுந்துச்சுன்னா நானே கொண்டுவந்து விடுறேன்."

அன்று சாயங்காலத்திலிருந்து லிஃப்ட்காரர் தரையில் உட்கார ஆரம்பித்தார். ஆறரைக்கு வந்து, கைகால் கழுவி, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார். பேப்பர் படிப்பார். பூனை பக்கம் திரும்ப மாட்டார். தரையில் பதித்த டைல்கள் ஒவ்வொன்றும் ஒரு அடி. முதல் நாள் அவருக்கும் பூனைக்கும் நடுவே பதினொரு டைல். ஒரு வாரத்தில் எட்டு ஆனது. ஒரு நாள் தும்மிவிட்டார், மறுபடி பதினொன்று. மகள் போன் பண்ணும்போது உடம்பைப் பற்றிச் சொல்லும் முன் டைல் எண்ணிக்கையைச் சொன்னார்.

அவர் முழங்காலும் லேசுப்பட்டதல்ல. எழும்போதெல்லாம் மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது. "உங்களையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்திருக்கலாம்" என்றாள்.

மூன்றாவது வாரம் மருந்து பிடித்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குத் தாவ ஆரம்பித்தது. உறுமல் நின்றது. ஆனால் நான்கு டைலுக்கு இப்பால் வரவில்லை. ஆறு நாள் நான்கிலேயே நின்றது. அவர் அதை வற்புறுத்தவில்லை. பேப்பரில் விளம்பரம்வரை படித்து முடித்தார். ஒருநாள் மனைவியிடம், "வராட்டியும் பரவாயில்ல. வலிக்காம நடக்குது பாரு" என்றார். உண்மையாகவே சொன்னார்.

இருபத்தாறாவது நாள் அவர் பேப்பரைத் திருப்பும்போது பூனை எழுந்தது. நாலு, மூணு, ரெண்டு என்று வந்தது. அவருடைய நீட்டிய காலை ஒருமுறை முகர்ந்தது. பிறகு இடது இடுப்பு மேலே இருக்கும்படி பார்த்துப் பார்த்துப் படுத்து, முதுகை அவர் தொடையோடு ஒட்டிக்கொண்டது. அவர் கையை அசைக்கவில்லை. பேப்பரைக்கூட மடிக்கவில்லை.

"சாப்பாடு ஆறுது!" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அவர் பூனையின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது கேக்கலயா? எத்தன தடவ கூப்பிடுறது மனுஷன!" கரண்டியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்ப வர முடியாது" என்றார் உதட்டை மட்டும் அசைத்து.

அவள் திரும்பிப் போனாள். இரண்டு தட்டோடு வந்தாள். ஒன்றை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, அவருடைய மறுபக்கத்தில், மூச்சுவாங்கிக்கொண்டே, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் வராமல் இருவரும் சாப்பிட்டார்கள்.